யார் ஓட்டுவாங்க?

"வண்டிய யார் சார் ஓட்டுவாங்க?" என்று ஸ்கூட்டர் ஷோரூம் பெண் கேட்டதும் "நான்தான்" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. தாலுகா ஆபீசில் சர்வேயராக இருபத்தொன்பது வருஷம் நிலம் அளந்தவன் நான், எனக்குத் தெரியாதா, எல்லைக்கல் எங்கே என்று கேட்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டுகிறவன்தான் பெரும்பாலும் கல்லை நகர்த்தியவனாக இருப்பான். ஆனால் அவள் சந்தேகப்படவில்லை. சட்டையில் ரெஜினா என்று பெயர் மாட்டியிருந்தாள். தாளில் டிக் அடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பதினெட்டு, இருபது. பின்னாடி யாராச்சும் உட்காருவாங்களா? "இவங்கதான், என் ஒய்ஃப்" என்று பக்கத்தில் கையைக் காட்டினேன், காட்டிய இடத்தில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. ரெஜினா சிரித்தாள். நானும் வேடிக்கைக்குச் செய்தது போலச் சிரித்துக்கொண்டே கழுத்தை முழுக்கத் திருப்பித் தேடினேன், பூங்கோதை எனக்கு இடது பக்கம், நாலடி தூரத்தில், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டரைப் பார்த்தபடி நின்றாள். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள்? அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை பதினோரு மணி, தென்னூர் மெயின் ரோட்டு வெயில் கண்ணாடிக் கதவில் வந்து முட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே புது டயர் வாசனை, வரிசையாக நாற்பது ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒரே பக்கம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. கழுத்தைச் சாய்ப்பது நல்ல பழக்கம். நானும் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன், நாலு மாதமாக.

ஐப்பசியில் படிக்கிற கண்ணாடியை மாற்றப் போனேன், அவ்வளவுதான், தனியாகத்தான் போனேன், அரை மணி நேர வேலை என்று. போர்டில் கடைசி வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் வாசித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அந்த டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டார், பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எங்கேயாவது சின்ன வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். புள்ளி வந்தது, அழுத்தினேன், வந்தது, அழுத்தினேன், பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை, இயந்திரம் மட்டும் உள்ளே டக், டக் என்றது, சத்தம் கேட்கிறது என்றால் புள்ளி வருகிறது என்றுதானே அர்த்தம் என்று எனக்கு உறைத்தது. சத்தத்துக்கு அழுத்த ஆரம்பித்தேன். ஐம்பத்து நாலு வயதில் பரீட்சையில் காப்பியடித்தேன். இயந்திரம் அதையும் கண்டுபிடித்துத் தாளில் எழுதிவிட்டது. "கண்ணுல அழுத்தம் சார், கிளாக்கோமா. நடுவுல நல்லாத் தெரியறதால உங்களுக்கே தெரியாமப் போயிருக்கு. இடது பக்கம் நெறையப் போயிடுச்சு. போனது திரும்பாது. சொட்டு மருந்த ஒரு வேளைகூட விடாமப் போட்டா இருக்கறதக் காப்பாத்திடலாம். வண்டி ஓட்டாதீங்க." எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார், கடைசி வாக்கியத்துக்கென்று தனியாக ஒரு குரல் இல்லை, அதனால்தான் அதைக் காதில் வாங்காதவன் போல எழுந்து வந்துவிட முடிந்தது என்று நினைக்கிறேன். பார்வை போனால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை, ஒன்றும் இல்லை என்பதும் தெரியாது. நம் முதுகுக்குப் பின்னால் என்ன கறுப்பாகவா தெரிகிறது?

"சார் இப்ப என்ன வண்டி வச்சிருக்கீங்க?" என்று ரெஜினா கேட்கிறாள். பைக். பதிமூன்று வருஷம் ஆயிற்று. "அதுல என்ன கம்ப்ளைண்ட் சார்?" நான் வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை சொல்லிவிட்டாள், "பிரேக் புடிக்கலயாம்." அந்த 'யாம்' எனக்கு எங்கேயோ குத்தியது. ஏனென்றால் பிரேக் பிடித்தது, நன்றாகவே பிடித்தது, அது பிடித்ததால்தான் அந்தக் கீரைக்காரம்மாள் இன்றைக்கும் கீரை விற்றுக்கொண்டிருக்கிறாள். போன மாதம், உறையூரில் நாச்சியார் கோயில் பக்கம் திரும்பும்போது, ரோடு காலியாக இருந்தது, காலியாக இருந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், காலியான ரோட்டிலிருந்து ஒரு கூடை எழும்பியது. கூடைக்கு அடியில் ஒரு பெண். பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது, சரிந்தது, பக்கக் கண்ணாடி உடைந்தது, அவள் உட்கார்ந்தபடி கீழே இறங்கினாள், கீழே விழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். முளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ரோடு முழுக்க. நான் குனிந்து பொறுக்கினேன், அவள் என்னைத் திட்டக்கூட இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், "ஏய்யா, கண்ண எங்கய்யா வச்சிருக்க?" கோபத்தில் கேட்கிற கேள்விதான், ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பது, ஆனால் எனக்கு அது பதில் எதிர்பார்க்கிற கேள்வி மாதிரி இருந்தது. கண்ண எங்க வச்சிருக்க. ஆபீசில் கோப்பைத் திறந்தால் கேட்கிறது, சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறது. வீட்டில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றேன். "மொதல்ல அந்தப் பழைய வண்டியத் தள்ளிட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க" என்றாள் பூங்கோதை. இப்படித்தான் நாங்கள் இங்கே வந்து நிற்கிறோம், என் கண்ணுக்குப் பதிலாக வண்டியை மாற்ற.

எது நமக்குச் சரிப்படும் என்று இந்த ஒரு மாதமாக நான் யோசித்த யோசனையை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். முதலில் ஸ்கூட்டர், ஏனென்றால் கியர் இல்லை, ஒரு வேலை குறைந்தால் அந்தக் கவனத்தைக் கண்ணுக்குக் கொடுக்கலாம். பிறகு சத்தம் அதிகமாக இருக்கிற வண்டி, ஏனென்றால் நான் பார்க்காதவர்கள் என்னைக் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு பூங்கோதையின் அண்ணன் போனில் சொன்னார், "மாப்ள, பேசாம சின்னதா ஒரு காரு வாங்கிடுங்க, விழுகிற பயமே இல்ல பாருங்க." இரண்டு நாள் அந்த நினைப்பில் நிம்மதியாகக்கூட இருந்தேன், நாலு பக்கமும் தகரம், நான் விழ மாட்டேன். மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது தோன்றியது, நான் விழ மாட்டேன், சரி, மற்றவர்கள்? கூடைக்கு அடியில் இருந்தவள் மேல் ஒரு கார் போயிருந்தால்? காரை விட்டேன். பிறகு வழியை மாற்றினேன், வீட்டிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும், அங்கேதான் பூங்கோதையைத் தினமும் இறக்கிவிட வேண்டும், அவள் டீச்சராக இருக்கிற மண்ணச்சநல்லூர் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து பஸ், பொதுவாகப் பத்து நிமிஷம், என் புது வழியில் இருபத்தைந்து. இடது பக்கம் நீளமாகச் சுவர் இருக்கிற தெருக்களாகத் தேர்ந்தெடுத்தேன். சுவரிலிருந்து யாரும் வர மாட்டார்கள். ஏன் சுத்திப் போறீங்க என்று அவள் கேட்கவில்லை. அவள் இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை. ஏழெட்டு மாதமாகவே அப்படித்தான், ம், சரி, இருக்கு, வச்சிருக்கேன், இவ்வளவுதான் பேச்சு. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் ஆள் இல்லாத வெறுமை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. கேட்காதவளிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

"இது எடுங்க சார், உங்க ஹைட்டுக்கு இதுதான் கரெக்டா இருக்கும், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, பாத்தாத்தான் தெரியும்" என்று ரெஜினா சாவியைக் கொடுத்துவிட்டாள். பாத்தாத்தான் தெரியும். கறுப்பு ஸ்கூட்டர், வாசலுக்குக் கொண்டுபோய் ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். ஹெல்மெட்டும் கொடுத்தாள். ஹெல்மெட் போட்டதும் மிச்சம் இருந்த பக்கமும் போனது, ரோடு ஒரு ஜன்னல் அளவுக்குச் சுருங்கி எதிரில் நின்றது, அந்த ஜன்னலுக்குள் எல்லாம் துல்லியமாக இருந்தது, எதிர்க்கடை போர்டில் பஞ்சர் என்பதில் ஒரு புள்ளி உதிர்ந்திருப்பதுகூட. இவ்வளவு நன்றாகத் தெரிகிறவனுக்குக் கண் இல்லை என்று யார் சொல்வது? ரெண்டே நிமிஷம்தான், இடது பக்கம் திரும்பி, சிக்னலுக்கு முன்னாலேயே யூ அடித்து, வந்துவிடலாம்.  திரும்பி வந்துவிடலாம், வந்து இதே கறுப்பைக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம், அதற்கப்புறம்? அதற்கப்புறம் திங்கட்கிழமை. பிறகு செவ்வாய். பூங்கோதை பின்னால். சாவியைத் திருப்பினேன். பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் உயிர் வந்து எனக்கு அடியில் நடுங்கியது. எதிரில் யாரும் இல்லை. வலது கையை மெல்ல முறுக்கப் போனேன், அப்போது முன் சக்கரத்துக்கு நேர் எதிரே, ஒரு ஜாண் தூரத்தில், பச்சைப் புடவை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து, கதவு திறந்தது போல, பூங்கோதை.

எப்படி அணைத்தேன் என்று தெரியவில்லை. சாவி கையில் இருந்தது. "நீ எங்கேர்ந்து வந்த?" என்றேன். கத்தினேன் போலிருக்கிறது, உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "எங்கேர்ந்தும் வரல. இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன், உங்க பக்கத்துல. முன்னாடி லைட்டு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்." "எனக்குத் தெரியல கோதை." அவள் என்னைப் பார்த்தாள். "நான் எப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கேன்" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் வண்டி மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை, பொழுதைப் பார்த்து, உட்கார வைத்து, பதற்றப்படாமல் கேளு என்று ஆரம்பிக்க வேண்டும் என்றெல்லாம் வைத்திருந்தேன். "எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாது" என்றேன், இடது கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டி. "டாக்டர் சொல்லி நாலு மாசமாச்சு. வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. பிரேக் எல்லாம் நல்லாத்தான் புடிச்சுது. ஒரு அம்மாவ இடிச்சிட்டேன் கோதை, உறையூர்ல, கீரைக்காரம்மா, அடி ஒண்ணும் இல்ல, ஆனா இடிச்சிட்டேன்." மூச்சு விடாமல் இதையெல்லாம் ஒரு ஷோரூம் வாசலில், டெஸ்ட் டிரைவ் செய்து பாருங்கள் என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்று சொன்னேன்.

ரெஜினா எங்களைப் பார்த்தாள், பிறகு தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள், புத்திசாலிப் பெண். பூங்கோதை முதலில் என் இடது பக்கமாக வந்து நின்றாள், நின்று கையை நீட்டி விரலை ஆட்டியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை, காற்று மட்டும் கன்னத்தில் பட்டது. "இது?" என்றாள். "இல்ல." "இது?" "இல்ல." "இப்போ?" "ம், இப்போ விரல் தெரியுது." அவள் கை என் மூக்குக்குக் கிட்டத்தில் இருந்தது. அவள் அதைக் கீழே இறக்கவில்லை. "நாலு மாசம் டாக்டருக்கு," என்றாள், "அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்ல?" இருந்திருக்கும் என்றேன். "ஆடி மாசத்துல?" இருந்திருக்கலாம். "ஆடிப்பெருக்குக்கு மொத நாளு. நான் பஸ்ஸ விட்டு எறங்கி வர்றேன், நீங்க வண்டிய வச்சிக்கிட்டு சத்திரத்துல நிக்கறீங்க. கைய ஆட்டிக்கிட்டே வந்தேன், இந்தப் பக்கத்துல இருந்து. எம்பக்கம் திரும்பினீங்க. திரும்பிட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கிட்டுப் போயிட்டீங்க." எனக்கு நினைவே இல்லை. பஸ் வரவில்லை என்று நினைத்துக் கிளம்பியிருப்பேன். வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன் என்று அன்றைக்கு அவள் சொன்னது மட்டும் ஞாபகம் வருகிறது. "நம்ம சொந்தக்காரங்க சுமதி வீட்டுக் கல்யாணத்துல காப்பியக் கையில வச்சிக்கிட்டு நிக்கறேன், நீங்க வாங்கவே இல்ல. எல்லாரும் பாத்தாங்க. நான் அப்படியே கீழ வச்சிட்டுப் போனேன்." அப்போதுதான் கையை இறக்கினாள். "கர்ப்பப்பைய எடுத்ததுக்கப்புறம் நான் இப்படி ஊதிப் போயிட்டேன்ல. அதான் இவருக்கு எம்மூஞ்சியப் பாக்கவே புடிக்கலன்னு நெனச்சேன். ஏழு மாசமா அப்படித்தான் நெனச்சிக்கிட்டுத் தூங்கறேன்."

 நான் ஒரு கீரைக்காரம்மாளை மட்டும் இடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் யார் எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்று ஒரு மாதமாக வழியெல்லாம் கணக்குப் போட்டேனே, வீட்டுக்குள் ஒருத்தி தினமும் இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். சமையலறை எங்கள் வீட்டில் கூடத்துக்கு இடது பக்கம். நான் உட்காரும் நாற்காலிக்கு இடது பக்கம். "கோதை" என்றேன். அவள் கண்ணைத் துடைத்தாள், அப்புறம் திடீரென்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், நிஜமான அடி. "என்னையும் பின்னாடி உக்கார வச்சிக்கிட்டு ஓட்டியிருக்கீங்க! தெனமும்! ஏதாச்சும் ஆகியிருந்தா? எனக்கு இல்லாட்டிப் போகுது, ரோட்டுல போறவங்களுக்கு?" ஆமாம் என்றேன். தப்புதான் என்றேன். பயமாக இருந்தது என்றேன், ஓட்டமுடியாதவன் என்று ஆகிவிட்டால் அப்புறம் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்று. "ஒண்ணும் போவாது. சொட்டு மருந்து போடறீங்களா?" போடுகிறேன், பாத்ரூமில் வைத்து, ராத்திரிக்கு ஒன்று, காலையில் ஒன்று. "பாத்ரூம்ல!" என்றாள், அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, அழுகைக்கு நடுவிலேயே, மூக்கு சிவக்கச் சிரித்தாள், "நான் என்னமோ இவர் அரை மணி நேரம் உள்ள இருந்து யார்கிட்டயோ போன் பேசறாருன்னு..." என்று சொல்லிவிட்டு முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காதவனுக்கு அந்த நிமிஷத்தில் தீப்பிடித்தது போலப் பசித்தது.

தண்ணீர் வந்தது. பூங்கோதை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ரெஜினாவிடம், "நாந்தாம்மா ஓட்டுவேன், அதுக்குத் தகுந்தாப்புல காட்டு" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். லைசென்ஸ் இருக்கிறது அவளுக்கு, இரண்டு வருஷம் முன்பு பள்ளிக்கூடத்து மோட்சமேரி டீச்சர் தன் வண்டியில் கற்றுக்கொடுத்து எடுக்க வைத்தது. டவுன் டிராஃபிக் உனக்குச் சரிப்படாது என்று சொல்லி அந்த அட்டையைப் பீரோவில் வைக்கச் சொன்னது நான்தான். ரெஜினா அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள், தையற்காரர் பார்ப்பது போல. "அப்ப இந்தக் கறுப்பு வேணாம் மேடம். வெயிட்டு ஜாஸ்தி, சீட்டும் ஒசரம். சிக்னல்ல நிக்கறப்ப ரெண்டு பாதமும் தரையில முழுசாப் படணும், அதான் மொதல்ல பாக்கணும். பொறவுதான் மைலேஜு, கலரு எல்லாம்." மூன்று வண்டிகளில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றில் குதிகால் எழும்பி நின்றது. ஒன்றைத் திருப்பும்போது கைப்பிடி முழங்காலில் இடித்தது. மூன்றாவதில் உட்கார்ந்ததும் இரண்டு செருப்பும் தரையில் பதிந்தன, அவள் முகம் மாறியதை நான் நேராக எதிரில் நின்று பார்த்தேன். ஸ்டாண்டு போடுவதற்கு ரெஜினா வித்தை ஒன்று சொல்லிக்கொடுத்தாள், கையால் தூக்காமல் காலால் அழுத்தி, இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது. நோட்டுக்கட்டு வைக்க சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள், இருந்தது. பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேட்டாள். அது எனக்கு. என் தேவை இப்போது அந்த ஒரு கம்பிதான். கம்பி இருந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன், ஏறுங்க" என்றாள். நான் இந்த ஊரில் முப்பது வருஷத்தில் யாருக்குப் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது, உடம்பை முன்னால் சாய்ப்பதா பின்னால் சாய்ப்பதா. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ரோட்டில் இறங்கியது, என் வலது கால் தானாக ஒரு பிரேக்கைத் தேடி மிதித்தது, அங்கே காற்றுதான் இருந்தது. "மெதுவா, மெதுவா, முன்னாடி ஆட்டோ" என்றேன். "எனக்குத் தெரியுது, பேசாம வாங்க" என்றாள் பூங்கோதை. அவளுக்குத் தெரிகிறது. நானும் பார்க்க வேண்டியதில்லை. இது புரிய எனக்கு ஒரு தெரு பிடித்தது. நேரே பார்த்துப் பார்த்து விறைத்துப் போயிருந்த கழுத்து, முதலில் நம்ப மாட்டேன் என்றது, பிறகு கொஞ்சம் இளகியது. ஓட்டுகிறவன்தான் தலையைத் திருப்பக் கூடாது. நான் இடது பக்கம் திருப்பினேன், முழுவதும், மோவாய் தோளில் படுகிற வரைக்கும். ஒரு லாரியிலிருந்து வாழைத்தார்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள், பச்சைத்தார், ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம், அதற்குப் பக்கத்தில் ஒரு சலவைக் கடையில் வெள்ளை வேட்டிகள் பத்துப் பன்னிரண்டு கொடியில் உப்பிக்கொண்டு நின்றன, ஒரு நாய், நாயைக் கட்டிக்கொண்டு தூங்குகிற இன்னொரு நாய், முருகன் படம் போட்ட ஒரு டீக்கடையில் அப்போதுதான் எடுத்த வடை எண்ணெய் வடியத் தட்டில். இவ்வளவும் இந்தப் பக்கம் இருந்திருக்கிறது. "கோதை, லெஃப்ட்ல வடை போடறாங்க" என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, நிதானமாக ஓரம் கட்டினாள்.